பாக்கி நூறு

தைப்பூசம் முடிஞ்சு பத்து நாள் ஆகுது. மொட்டைத் தலையில முடி இன்னும் முள்ளு முள்ளா நிக்குது. அந்தக் கோலத்துல, ஐசி கார்டைக் கன்னத்துல தட்டிக்கிட்டே வாசல்ல வந்து நின்னான் பேரன். "தாத்தா, நூறு வெள்ளி வந்துருச்சு. என்ன பண்ணலாம்?"

வாடா ராசா, உக்காரு. உனக்கு மட்டும் நம்பர் அடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்காத. நாட்டுல 2 கோடியே 20 லட்சம் பேருக்கு வந்திருக்கு. 18 வயசு ஆன குடிமக்கள் அத்தனை பேருக்கும் உண்டு. எனக்கு வந்திருக்கு, உன் பாட்டிக்கு வந்திருக்கு, மூணாவது வீட்டுல ரெண்டு காடி வச்சிருக்கற கான்ட்ராக்டருக்கும் வந்திருக்கு. போன வருஷம், 2025 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா அன்னிக்கு ஒரு தடவை சர்க்கார்ல ஐசி கார்டுக்குள்ள போட்டாங்க. டிசம்பர் 31-க்குள்ள தட்டித் தீர்க்கலைன்னா காத்தோட போயிரும்னாங்க. இந்த பிப்ரவரியில மறுபடியும் போட்டிருக்காங்க.

'சாரா'ன்னு பேரு. சும்பாங்கான் ஆசாஸ் ரஹ்மாங்கறதைச் சுருக்கினா அப்படி வருது. கோயில் வாசல்ல உக்கார்ற பெருசு ஒண்ணு, முதல் தடவை இந்தப் பேரைக் கேட்டதும் இருக்கற நாலு பல்லும் தெரிய சிரிச்சுது. "சாரா குடுத்துட்டாங்க, சரி. மிச்ச 'யம்' எப்ப வரும்?" அதுக்குத்தான்டா வழியே வைக்கல. அரிசி, மாவு, எண்ணெய், முட்டை, ரொட்டி, டின் சாமான், சோப்பு, மருந்து, பள்ளிக்கூடத்து நோட்டுன்னு போன வருஷக் கணக்குக்கு 14 வகை சாமான். பீரைத் தூக்கிக்கிட்டுப் போனா மெஷின் வாயைத் திறக்காது. சிகரெட்டு கிடையாது, நாலு நம்பர் லாட்டரி கிடையாது. காசாவும் கையில எடுக்க முடியாது.

ஆக, என்ன பண்ணலாம்னு நீ என்கிட்ட கேக்கற முடிவைப் புத்ராஜெயாவுல உக்காந்து எப்பவோ எடுத்துட்டாங்க. அரிசி வாங்குன்னுட்டாங்க. நீயும் வாங்கப் போற. இதுல தாத்தாவோட யோசனை எதுக்கு?

எதுக்குன்னு சொல்றேன். மொதல்ல அந்தக் கோப்பியை எடு. எனக்குச் சீனி வேணாம், இனிப்பு நீரு. பாட்டி பாக்காதப்போ அரைக் கரண்டி போடு.

நான் கேரித் தீவுத் தோட்டத்துலேருந்து இந்த ஊருக்கு மூட்டை தூக்க வந்தப்ப, இதுக்குப் போர்ட் கிள்ளான்னு பேரு கிடையாது. போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-ல துறைமுகத்தைத் திறந்தப்ப சுவெட்டன்ஹாம் துரை பேரை வச்சாங்க. 1972-ல அதை எடுத்துட்டுக் கிள்ளான் பேரை வச்சாங்க. மறுநாள் காலையில நான் வேலைக்காட்டுக்குப் போய்ப் பாத்தேன். அதே சேறு, அதே நாத்தம், அதே மூட்டை. ஒரு பிக்குல்னா நூறு கட்டி, இப்பக் கணக்குக்கு அறுபது கிலோ. பிக்குல்ங்கற மலாய் வார்த்தைக்கே தோள்ல சுமக்கறதுன்னுதான் அர்த்தம். நூறுங்கறதை நான் தோள்ல வச்சுப் படிச்சவன்டா. நீ கார்டுல வச்சிருக்க. அதுல கனமே இல்ல பாரு, அதான் உனக்கு நூறுன்னா என்னன்னு தெரியல.

துறைமுகம் ஒரு தடவைதான் பேரை மாத்துச்சு. இந்த உதவிப் பணம் இருக்கே, அது ஆட்சிக்கு ஆட்சி சட்டை மாத்தும். 2012-ல நஜிப் குடுத்தப்ப பிரிம். மகாதீர் திரும்பி வந்ததும் பிஎஸ்எச். முகைதீன் வந்தாரு, பிபிஎன், அப்பறம் பிபிஆர். இஸ்மாயில் சப்ரி வந்து பிகேஎம்னாரு. அன்வார் வந்து எஸ்டிஆர்னாரு, கூடவே சாரா. உன் பாட்டி எல்லாத்தையும் பிரிம்னுதான் சொல்லுவா. அவ கணக்குல எல்லா மூட்டையும் ஒரே கப்பல்ல வந்ததுதான்.

அந்த முதல் பிரிம்மைச் சொல்லணும். மூவாயிரம் வெள்ளிக்குக் கீழ வருமானம் இருக்கற குடும்பத்துக்கு ஐந்நூறு வெள்ளி. ஐந்நூறு, கையில, சொளையா! அன்னிக்கும் இதே மாதிரி ஒருத்தன் என்ன பண்ணலாம்னு யோசிச்சான். நான்தான். லோஹான் மீன் கேள்விப்பட்டிருக்கியா? நெத்தி புடைச்சுக்கிட்டு, உடம்புல கறுப்புக் கறுப்பாக் கோடு போட்டு, கொஞ்சம் ஆங்காரமா பாக்கும். அந்தக் கோட்டைப் படிச்சா நம்பர் தெரியும்னு ஒரு காலத்துல ஊரே தொட்டி வாங்கி வச்சுது. அந்தப் பைத்தியம் எல்லாருக்கும் தெளிஞ்சு பத்து வருஷம் கழிச்சு எனக்குப் பிடிச்சுது. மலிவா வருதுன்னு தொட்டியோட வாங்கிட்டு வந்தேன். கண்ணாடிக்கு முன்னால உக்காந்து ராத்திரி பகலா படிச்சேன். ஏழுன்னு தெரிஞ்சுது, ஒண்ணுன்னு தெரிஞ்சுது, திரும்பினா நாலுன்னு தெரிஞ்சுது. ஒண்ணும் அடிக்கல. மூணாவது வாரம் மீனு மல்லாந்து மிதந்துச்சு. அந்தத் தொட்டியிலதான் இப்ப பாட்டி கறிவேப்பிலைக் கன்னு வச்சிருக்கா. வர்றவங்ககிட்டயெல்லாம் "ஐந்நூறு வெள்ளிக் கறிவேப்பிலை"ன்னு சொல்லிச் சொல்லிப் பறிச்சுக் குடுக்கறா. பதினாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

அதனால நான் சொல்றதைப் பெரிய மனுசன் புத்தின்னு எடுத்துக்காத. சூடு பட்டவன் சொல்றான்னு எடுத்துக்க.

2020-ல வந்துச்சே, அதை இந்தக் கணக்குல சேக்க மாட்டேன். மார்ச் 18-ல நாட்டைப் பூட்டுனாங்க. பத்து நாள் போகல, நாலாயிரத்துக்குக் கீழ இருக்கற குடும்பத்துக்கு 1,600 வெள்ளின்னு அறிவிச்சாங்க. ஏப்ரல்ல ஆயிரம், மே மாசம் அறுநூறு. அப்ப லோரி ஓட்டற உங்கப்பன் வீட்டுல இருந்தான். வாடகை நின்னுச்சு, அரிசி நின்னுச்சு. அந்தக் காசு வந்தப்ப ஒரு பயலும் என்ன பண்ணலாம்னு யாரையும் போய்க் கேக்கல. காசு வாசல்ல கால் வைக்கறதுக்குள்ள வேலைக்குப் போயிருச்சு. என்ன பண்ணலாம்னு கேக்க முடியுதுன்னாலே நீ கொஞ்சம் நல்லா இருக்கன்னு அர்த்தம். சந்தோஷப்படு.

போன செப்டம்பர்ல நானும் பாட்டியும் பண்டமாரான் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். எந்தக் கடைன்னு கேக்காத. வரிசை கதவைத் தாண்டி வெயில்ல நிக்குது. மெஷின் கார்டை முழுங்கிட்டு யோசிக்குது, யோசிக்குது, நான் லோஹான் மீனைப் பாத்த மாதிரி. எங்களுக்கு முன்னால உன் அத்தை. கூடையில சார்டின் டின் ஆறு. சாக்லேட் தடவுன பிஸ்கோத்து ரெண்டு பெட்டி. மூணும் ஒண்ணாக் கலந்த கோப்பிப் பாக்கெட்டு, அது வேற ரெண்டு. நூடுல்ஸ் ஒரு கட்டு. "என்னம்மா, வீட்டுல கல்யாணமா?"ன்னேன். "சும்மா வர்ற காசுதானே மாமா"ன்னா. பில்லு 138 வெள்ளி. நூறு கார்டுல போச்சு. முப்பத்தெட்டைப் பையிலேருந்து எண்ணி எண்ணிக் குடுத்தா. வீட்டுக்குப் போனா அரிசி டின்னு காலி. அடுத்த நாள் திரும்பி வந்து அரிசியை முழுக் கைக்காசுல வாங்கினா. அரசாங்கம் நூறு குடுத்த மாசத்துல முப்பத்தெட்டு வெள்ளி கூடச் செலவழிச்ச ஒரே குடும்பம் நம்ம குடும்பம்னு நான் பெருமைப்பட்டேன். விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது, தாமான்ல பாதிப் பேரு அப்படித்தான்.

அப்பறம் பாட்டி முறை. நாள்காட்டித் தாளுக்குப் பின்னால எழுதி வச்சிருந்தா. அரிசி. கோதுமை மாவு. பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ, ரெண்டரை வெள்ளி. முட்டை ஒரு தட்டு. சலவைத் தூள். எப்பவும் வாங்குறதைத் தவிர ஒரு சாமானும் இல்ல. ஆகஸ்ட் 1-ந்தேதி முட்டைக்குக் குடுத்துக்கிட்டிருந்த மானியத்தை நிறுத்துனாங்க, 31-ந்தேதி நூறு வெள்ளி குடுத்தாங்கன்னு அந்தக் கவுன்டர்லயே எனக்கு ஞாபகப்படுத்துனா. நல்ல வேளை, கோழிக்குக் கணக்குத் தெரியாது, தெரிஞ்சா அதுவும் ஏதாவது கேக்கும். பில்லு 99 வெள்ளி 85 சென். சீட்டுல கீழ அச்சடிச்சிருந்துச்சு, பாக்கி 15 சென்னு.

அந்த வார்த்தையைப் பாரு. மலாய்லயும் பாக்கிதான், தமிழ்லயும் பாக்கிதான். கவுன்டர்ல இருந்த மலாய்ப் பொண்ணு பாக்கின்னா மிச்சம்னு சொல்றா. நம்மாளு காதுல பாக்கின்னு விழுந்தா, எந்தக் கடைக்காரனுக்குக் குடுக்கணும்னு நெஞ்சு படபடக்குது. தோட்டத்துக் கடையில மூணு அஞ்சு நோட்டுல பேரு எழுதி வளர்ந்த சாதிடா நாம. 555-ன்னு மேல போட்ட அந்தச் சின்ன நோட்டு. சம்பளத்தன்னிக்குக் கிராணி கையிலேருந்து நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே காசு அந்த நோட்டுக்குள்ள போயிரும். நம்ம அகராதியில பாக்கின்னா கடன் மட்டுந்தான். மிச்சங்கற அர்த்தத்தை நாம இன்னும் படிக்கவே இல்ல.

இப்பத்தான் உன் கேள்விக்கு வர்றேன். மாசாமாசம் உன் சம்பளத்துல வீட்டுக்குன்னு அரிசி, எண்ணெய், சோப்புக்கு இருநூறு வெள்ளி குடுக்கறல்ல? இந்த மாசம் அதுல நூறைக் கார்டு பாத்துக்கிச்சு. அப்ப உன் சம்பளத்துல ஒரு நூறு செலவாகாம நிக்கணும். நிக்குதா? தடவிப் பாரு. அந்த நூறுக்கு 14 வகை கிடையாது. மெஷின் கிடையாது. டிசம்பர் 31 கிடையாது. அதை வச்சுப் பீர் வாங்கலாம், நம்பர் எடுக்கலாம், மீன் வாங்கலாம். கோயில் வாசல் பெருசு தேடுன 'யம்' அங்கதான்டா இருக்கு! கார்டுல வந்தது அவங்க சொன்ன நூறு. பையில நிக்கறது உன் நூறு. என்ன பண்ணலாம்னு கேக்கறதா இருந்தா அந்த நூறைப் பத்திக் கேளு.

இந்தச் சூட்சுமம் வேற நாட்டுலயும் நடந்ததுதான். 1999-ல ஜப்பான்ல 15 வயசு வரைக்கும் இருக்கற பிள்ளைங்களுக்கும் வசதி குறைஞ்ச வயசானவங்களுக்கும் 20,000 யென் கூப்பன் குடுத்தாங்க. காசாக் குடுத்தா பூட்டி வச்சுருவாங்க, கூப்பனாக் குடுத்து ஆறு மாசம் கெடு வச்சா கடைக்குப் போய்த்தானே ஆகணும்னு கணக்கு. கடைக்குப் போனாங்க. நிறைய பேரு எப்பவும் வாங்குற சாமானைக் கூப்பன்ல வாங்கிட்டு, கைக்காசை அப்படியே உள்ள வச்சுக்கிட்டாங்க. உன் பாட்டி ஜப்பான்ல பொறந்திருக்க வேண்டியவ. அத்தை மாதிரி ஆளுங்களை அனுப்பியிருந்தா அந்த நாட்டுப் பொருளாதாரம் ஒரே வாரத்துல எந்திரிச்சிருக்கும்.

இந்த சூட்சுமத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட கில்லாடியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அரிசியும் எண்ணெயும் தன் கார்டுல தட்டி வாங்கிக் குடுத்துட்டு, அவன்கிட்ட எழுபது வெள்ளி காசா வாங்கிக்கிட்டான். நூறை எழுபதுக்கு வித்த வியாபாரியை நம்ம தெருவுலதான்டா பாக்க முடியும். அந்த எழுபதையும் ஐசியோட கடைசி நாலு நம்பர்ல லாட்டரி வச்சான். அப்பறம் என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. அவன் நடந்து போனான், மோட்டாரைக் காணோம். எனக்குப் போதும்.

உன் சித்தப்பாவை விட்டுட்டேன் பாரு. அவன் வேற ரகம். கோவிட் காலத்துல ஈபிஎஃப்லேருந்து எடுத்துக்கலாம்னு 2020-லேருந்து 2022 வரைக்கும் நாலு தடவை கதவைத் திறந்து விட்டாங்க. 81 லட்சம் பேரு சேந்து 14,500 கோடி வெள்ளி எடுத்தாங்க. கஞ்சிக்கு எடுத்தவன் பாவம், அவனை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன் சித்தப்பன் கடைசித் தவணையில பத்தாயிரம் எடுத்துட்டு வந்து, "அரசாங்கம் குடுத்துருச்சு மாமா"ன்னு பிரியாணி வாங்கிக் குடுத்தான். நல்லா இருந்துச்சு, ரெண்டு தட்டு சாப்பிட்டேன். மூணாவது வாய்லதான் கேட்டேன், "டேய், அது உன் காசுதானடா?"ன்னு. அறுபது வயசுல குடிக்க வேண்டிய இளநீருக்கு மரத்தை வெட்டிட்டு, வெட்டுனவனுக்குப் பொன்னாடை போத்தறான். இப்ப அந்தக் காசுல அவன் மோட்டாருக்கு மாட்டுன புகைக்குழாய் போடற சத்தத்துல கம்பத்து நாயெல்லாம் ஓடுது. பத்தாயிரத்துல மிஞ்சினது அந்தச் சத்தந்தான்.

சரி, உன் பாட்டி என்ன பண்ணினா? கடையிலேருந்து வந்ததும் என் சட்டைப் பையில கையை விட்டா. அந்த மாசத்து அரிசிக் காசு நூறு வெள்ளியை உருவினா. சாமி அலமாரிக்கு மேல மைலோ டின்னு இருக்கே, அதுல போட்டா. அதுக்குள்ளயே ஒரு மூணு அஞ்சு நோட்டு வச்சிருக்கா. கடன்காரன் நோட்டை அவ தனக்கே வச்சுக்கிட்டா. பென்சில்ல "12.9 அரிசி மிச்சம் 100"ன்னு ஒரு வரி. நான் திருட்டுத்தனமா பாத்தேன். அந்தப் பக்கத்துல அதுக்கு மேல 2012-ம் இருக்கு. "மீனு 500"ன்னு, அடியில ரெண்டு கோடு போட்டு.

நீ சிரிக்கற. சிரி. உன் பையில இருக்கற நூறு எங்க போகணும்னு எனக்குத் தெரியும், கேக்கணும்னா சொல்றேன். போன வருஷம் நீ உன் மோட்டாரை எடுத்தப்ப முன்பணம் எங்கேருந்து வந்துச்சு? "அம்மா குடுத்தாங்க"ன்ன. அம்மா எங்கேருந்து குடுத்தா? அவ கழுத்தைப் பாத்தியா? தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்குனா, கழுத்துல மஞ்சக் கயிறு மட்டுந்தான் கிடந்துச்சு. கூட்டத்துல திருட்டுப் பயம்னு எல்லார்கிட்டயும் சொன்னா. எனக்கும் அதையேதான் சொன்னா, ஆனா என் கண்ணைப் பாத்துச் சொல்லல.

அடகுக்கடையில சட்டப்படி மாசம் நூத்துக்கு ரெண்டு வெள்ளி வட்டி. ஆயிரத்து ஐந்நூறுக்கு வச்சிருக்கா. மாசம் முப்பது. மூணு மாச வட்டியைக் கட்டிட்டு மிச்சப் பத்து வெள்ளிக்கு அவளுக்கு ஒரு பொட்டலம் மல்லிகைப்பூ வாங்கிட்டுப் போ. முழுசா மீக்க இந்த நூறு பத்தாது, எனக்குத் தெரியும். வட்டி கட்டினா கெடுவைத் தள்ளி வைப்பாங்க, அது போதும் இப்போதைக்கு. அடுத்த மாசமும் கார்டு இல்லாமலே ஒரு நூறு நிக்குதான்னு பாரு.

என்கிட்ட குடுத்து வைக்கலாம்னு மட்டும் நினைக்காத. அந்த மீன்கடை இன்னும் திறந்துதான் இருக்கு, நேத்துகூட அந்தப் பக்கம் நடந்து போனேன்.

அடகுச் சீட்டு உன் அம்மாவோட அரிசி டின்னுக்கு அடியில இருக்கு. கெடு மார்ச் 28.